அறுபத்திரண்டு வீடுகளில் ஒரே பெயர்

ஸௌரிராஜனுக்கு இருநூறு அப்பாக்களின் பெயர்கள் மனப்பாடம். அந்த அப்பாக்களின் அப்பாக்கள், அவர்களுக்கும் அப்பாக்கள் என்று சேர்த்தால் அறுநூறைத் தொடும். எல்லாவற்றையும் கோத்திரத்தோடு சொல்வார். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்ததில்லை. திருப்பதி கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்தில், வடக்கு மாடவீதியில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வாத்தியார் அவர். கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாம் பண்ணிவைப்பார் என்றாலும், ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமாவாசைதான்.

அமாவாசை அன்று, தகப்பனார் இல்லாத பிள்ளை தர்ப்பையைப் பரப்பி உட்கார்ந்து, மூன்று தலைமுறைப் பெரியவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். மந்திரம் தெரிந்த பிள்ளைகள் இந்தக் காலத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாத்தியார் சொல்லச் சொல்ல, புரிகிறதோ இல்லையோ, அப்படியே திருப்பிச் சொல்வதுதான் நடைமுறை. பெயர் வருகிற இடத்தில் மற்ற வாத்தியார்கள் ஒரு நொடி நிறுத்தி, அப்பா பேர் என்ன, தாத்தா பேர் என்ன என்று கேட்டுக்கொள்வார்கள். ஸௌரிராஜன் கேட்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போவார். வெளியூரில் வேலை பார்க்கிறவன் மூன்று வருஷம் கழித்து வந்து உட்கார்ந்தாலும், அவனுக்கே மறந்துபோன கொள்ளுத்தாத்தாவின் பெயர் இவர் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வரும். அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. அந்தக் கலங்கலைப் பார்ப்பதில் ஸௌரிராஜனுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு, சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இந்த வித்தை அவருக்குத் தகப்பனாரிடமிருந்து வந்தது. வீரராகவன் சித்தூரில் வாத்தியார். சைக்கிளில் குடிபாலா வரை போய்ப் பண்ணிவைத்துவிட்டு வருவார். பிள்ளை திருப்பதிக்கு வந்து நன்றாகக் காலூன்றிய பிறகும் அவர் சித்தூரை விட்டு அசையவில்லை. சின்னப் பிள்ளையோடு அங்கேயே இருந்துவிட்டார். நாலு வருஷம் முன்னால் பரமபதித்தார்.

ஊர் முடங்கிக் கிடந்த கொரோனா நாளில்தான் ஸௌரிராஜனின் தொழிலுக்குள் போன் நுழைந்தது. டல்லாஸிலிருந்து வேங்கடேஷ் கூப்பிட்டான். தெற்கு மாடவீதிப் பையன். அப்பா தேவஸ்தான ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த வருஷம்தான் தவறியிருந்தார். வீடியோவில் பண்ணிவைக்க முடியுமா என்று கேட்டான். ஸௌரிராஜன் ஒரு நாள் யோசித்தார். எள் அவன் கையில், தண்ணீர் அவன் கையில், பிள்ளை அவன். நம்முடையது குரல் மட்டும்தானே, குரல் எங்கிருந்து வந்தால் என்ன என்று தோன்றியது. செம்பின்மேல் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். முடிந்ததும் அந்தப் பக்கம் வேங்கடேஷ் குழந்தை மாதிரி அழுதான். அன்று ஸௌரிராஜனுக்கு அந்தப் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒருவன் சொல்லி ஒருவன் வந்தான். இரண்டே வருஷத்தில் சிட்னி, சிங்கப்பூர், துபாய், லண்டன், நியூஜெர்சி எல்லாம் வடக்கு மாடவீதிக்கு வந்துவிட்டன. உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் அவருக்கு அமாவாசை விடிந்துகொண்டே இருந்தது. தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கும் சீனு, நகரிக்காரன், அவருக்கு ஒரு ஸ்டாண்டும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியும் எடுத்துக் கொடுத்தான். பஞ்சகச்சமும் திருமண்ணுமாக, காதில் வெள்ளையாக ஒன்று தொங்க, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டில் வசதி வந்தது. மகள் ஸ்ரீவல்லியின் கல்யாணம் கடனில்லாமல் நடந்தது. போனைக் குறை சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒன்றே ஒன்று. இப்போது அமாவாசை அன்று அவரும் தகப்பனார் இல்லாத பிள்ளைதான். அவரும் விட வேண்டும். அப்பா போன புதிதில் விடிந்ததும் தன்னுடையதை முடித்துவிட்டுத்தான் போனைத் தொடுவார். போகப் போக, விடியும்போதே சிட்னி காத்திருந்தது. சிட்னி முடிந்தால் சிங்கப்பூர். பிறகு பண்ணிக்கொள்ளலாம் என்று தள்ளி, மத்தியானம் பண்ணிக்கொள்ளலாம் என்று தள்ளி, லண்டனும் ஆகி நிமிரும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஒரு மாதம் விட்டுப்போயிற்று. அடுத்த மாதம் நிச்சயம் என்று நினைத்தார். அடுத்த மாதமும் விட்டுப்போயிற்று. மனைவி யதுகிரி, "உங்களுது ஆச்சா?" என்று கேட்டால், "ஆச்சு" என்பார். ஒரு தடவை சொன்ன பொய் இரண்டாவது தடவை வாயில் தானாக வந்தது.

இந்த நெருக்கடியில்தான் ஒரு யோசனை பிறந்தது. போன வருஷம் மஹாளய அமாவாசை முடிந்த கையோடு, தொண்டை கட்டிப் பேச்சே வராமல் சீனு கடையில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு சாமி ஒவ்வொருத்தருக்கா கத்திக்கினு இருக்கற? ஒரு வாட்டி ரெகார்டு பண்ணு. குரூப்ல போட்டுடு. அவங்க அவங்க ஊருல, அவங்க அவங்க டைம்ல போட்டுக்கினு பண்ணிக்கட்டும்" என்றான் சீனு.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வருஷம், மாதம், கிழமை சொல்லும் முதல் பகுதியை மட்டும் மாதாமாதம் புதிதாகப் பேசி அனுப்பிவிடுவது. மீதி என்றைக்கும் மாறாத பகுதி; பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டால் அவரவர் சொல்லிக்கொள்வார்கள். அதை ஒரே தடவை பதிந்துவிட்டால் போதும். யதுகிரியிடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சமையலறைப் பக்கம் சத்தம் வரக் கூடாது என்றார். அவள் குக்கரை ஏற்றிவிட்டிருந்தாள் என்பது யாருக்கும் நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், ஒவ்வொரு வரிக்கும் பிறகு திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டு, இருபத்திரண்டு நிமிஷம் சொன்னார். நடுவில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொரு தடவை சொல்லத் தொண்டையில் தெம்பில்லாததால், விசிலோடேயே அனுப்பிவிட்டார்.

அறுபத்திரண்டு வீடுகளுக்குப் போயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். குக்கர் விசில்கூடப் பழகிப்போயிற்று. விசில் வந்தால் தாத்தா முடிந்து கொள்ளுத்தாத்தா ஆரம்பம் என்று ஒருவர் எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். ஸௌரிராஜனுக்கு அமாவாசைகளில் நேரம் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் கிரகப்பிரவேசங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

பத்தாவது மாதம், ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் ஏழரை மணிக்குப் போன் வந்தது. வேங்கடேஷ் எண்தான், பேசியது அவன் அம்மா. ஸ்ரீதேவி மாமி பிள்ளையைப் பார்க்க டல்லாஸ் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

"வாத்தியார் மாமா, ஸ்ரீதேவி பேசறேன்."

"சொல்லுங்கோ மாமி. சௌக்கியமா இருக்கேளா? அங்க இப்ப காலம்பறயா? தர்ப்பணம் ஆச்சா?"

"இப்பத்தான் ஆச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். கொழந்தை உங்க குரலைப் போட்டுண்டு பண்ணினான். நான் உள்ள தளிகை பண்ணிண்டே கேட்டுண்டிருந்தேன். எங்காத்துக்காரர் பேர் வரவே இல்லையே."

"பேர் வர எடத்துல நிறுத்தியிருப்பேன் மாமி. அவன்தான் சொல்லிக்கணும்."

"நிறுத்தலை. வேற பேர் வந்தது. குக்கர் சத்தம் கேக்கறதே, அதுக்கு முன்னால. வீரராகவன்னு வந்தது. கொழந்தையும் அதையே சொன்னான். யாரது?"

ஸௌரிராஜனுக்கு அது யார் பெயர் என்று தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"மாமா, இருக்கேளா?"

"இருக்கேன்."

"கொழந்தைக்குத் தெரியாது. மந்திரம்னு நெனச்சுண்டு சொல்லிட்டான். அவனைக் குத்தம் சொல்லலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போறும். பத்து மாசமா அவருக்குத் தீர்த்தம் போகலையா?"

மாமி கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவள் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

யதுகிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அவருடைய குரல்தான், தொண்டை கட்டிய குரல். பெயர் வரும் இடம் வந்தது. கோத்திரம் அவருடைய கோத்திரம். வீரராகவன். திருப்பிச் சொல்ல இடைவெளி. அடுத்து அவருடைய தாத்தா. இடைவெளி. குக்கர் விசில். கொள்ளுத்தாத்தா. எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர்கள் நாக்கில் வந்திருக்கும். எதிரில் போன் மட்டும்தானே இருந்தது. போனுக்கு ஏது அப்பா? கண்ணை மூடியவர் வாயில், சின்ன வயதிலிருந்து கேட்டு ஊறிப்போன தன் வீட்டுப் பெயர்களே வந்துவிட்டன. நின்று கேட்கச் சோம்பல்பட்டு அனுப்பிவிட்டார்.

யதுகிரி பதிவை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்.

"அறுபத்திரண்டு ஆத்துப் பிள்ளைகளும் உங்கப்பாவுக்கு விட்டிருக்கா. நீங்க விட்டேளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அமாவாசை அன்று எள்ளும் தண்ணீருமாக நனைந்து கிடக்க வேண்டிய தாம்பாளம் காய்ந்து கிடப்பதை வீட்டில் இருக்கிறவள் பார்க்க மாட்டாளா என்ன. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மனைவி முன்னால் அப்படி வெட்கப்பட்டதில்லை. அப்பாவின் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில், அமாவாசை மத்தியானங்களில் தம்பியின் போனிலிருந்து கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குத்தான். இவர் சிங்கப்பூரோடு பேசிக்கொண்டிருப்பார். விரலால் தள்ளி அந்த அழைப்பைத் துண்டிப்பார். திரும்பக் கூப்பிட்டது பாதி நாள்கூட இருக்காது.

மறுநாள் காலை சீனு கடை திறக்கும் முன்பே போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார்.

"அனுப்பினதை அழிச்சுட முடியுமாடா?"

"பத்து மாசம் ஆச்சு சாமி, இப்ப அழிக்க முடியாது. அது அல்லாரு போன்லயும் உக்காந்துக்கினு இருக்குது" என்றான் சீனு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பர்வாலேது சாமி. புச்சா ஒண்ணு ரெகார்டு பண்ணு. பேரு வர்ற எடத்துல நிறுத்து. சவுண்டு கிளியரா இருக்குது, இனிமே இத்த வச்சுக்குங்கன்னு போட்டுடு. விசிலுக்காவ மாத்தறதா நெனச்சுக்குவாங்க. அந்த அம்மா ஒருத்தருகிட்ட மட்டும் சொல்லு. மத்தவங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

அந்த யோசனை இரவே ஸௌரிராஜனுக்கும் வந்திருந்தது. அதனால் சீனுவைக் கோபித்துக்கொள்ள அவரால் முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பெயர் மறக்காத வாத்தியார் என்றுதான் அத்தனை பேரும் வந்தார்கள். அந்த ஒரு பெயரும் போய்விட்டால், அவரைவிடக் குறைந்த செலவில், அவரைவிட நல்ல குரலில் சொல்லித்தர எத்தனையோ பேர் யூடியூபில் காத்திருக்கிறார்கள்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சீனு தானாகப் பேசினான். "எங்க நைனாவுக்கு நான் ஒண்ணும் பெருசா பண்றதில்ல சாமி. அமாவாசைக்குக் காக்காவுக்கு சோறு வைக்கறதோட சரி. ஆனா, அந்தச் சோத்த வேற யாரு பேருக்கோ வச்சுக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா, எனக்கு ஒரு மாரியாத்தான் இருக்கும்."

அதைக் கேட்டதும் ஸௌரிராஜன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சொல்லிவிடுவது என்று தெருவிலேயே முடிவாகிவிட்டது.

முடிவு செய்வது வேறு, சொல்வது வேறு. இரண்டு நிமிஷப் பேச்சுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒரு தடவை காரணம் நிறைய வந்துவிட்டது. ஒரு தடவை குரல் உடைந்தது, அனுதாபம் கேட்பதுபோல் இருந்தது. பதினொரு தடவை பேசி அழித்தார். கடைசியில் அனுப்பியது இதுதான்: அடியேன் ஸௌரிராஜன். நான் அனுப்பிய பதிவில் உங்கள் பெரியவர்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் என் தகப்பனார், பாட்டனார் பெயர்களைச் சொல்லிவிட்டேன். பத்து மாதம் நீங்கள் விட்ட தீர்த்தம் உங்கள் பெரியவர்கள் பெயரில் போகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பதிவை இனிமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வருகிற மஹாளய அமாவாசைக்கு நானே தீர்த்தக் கரையில் உட்கார்ந்து, உங்கள் ஒவ்வொருவர் பெரியவர் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். அன்று மத்தியானம் வரை என்னிடம் போன் இருக்காது.

சொந்தப் பெரியவர்களுக்கு விட்ட பிறகு, நண்பர்கள், வேண்டியவர்கள், அண்டினவர்கள் என்று கருணையால் பிறருக்கும் விடலாம் என மஹாளயத்தில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பிள்ளை விடுவதற்கு அது ஈடாகாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகச் செய்யாமல் இருக்க முடியுமா?

பதில்கள் வந்தன. ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார், எதற்கென்று தெரியவில்லை. நாலைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள். லண்டன்காரர் ஒருவர் இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். சொல்லாமலே விலகியவர்கள் ஒன்பது பேர். துபாயிலிருந்து ஒருவன் கூப்பிட்டு, "ஸ்வாமி, எங்கப்பா ஸ்நேகிதம் பிடிச்சுக்கறதுல கெட்டிக்காரர். உங்கப்பாகிட்டேர்ந்து பாதி வாங்கிண்டிருப்பார், கவலைப்படாதீங்கோ" என்றான். ஸௌரிராஜன் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்ரீதேவி மாமியிடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

மஹாளயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அறுபத்திரண்டு பெயர்களை நாக்கில் திரும்பக் கொண்டுவரும் வேலையில் அவர் இறங்கினார். பத்து மாதம் சொல்லாமல் இருந்ததில் என்னவாகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் இருபத்தெட்டுதான் வந்தது. மீதி இருக்கிற இடம் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. போன் செய்து கேட்டால் ஒரு நிமிஷ வேலை. அவர் கேட்கவில்லை. மாடவீதியைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை; பாதி வீடுகள் யாத்ரிகர்கள் தங்கும் லாட்ஜ் ஆகிவிட்டன. ஆனாலும் வாசல் வாசல்தானே. நாளுக்கு ஒன்று இரண்டாகத் திரும்பின. ஆவணி கடைசியில் அறுபத்திரண்டும் வந்துவிட்டன. நடுவில் வந்த ஆவணி அமாவாசைக்கு, வீட்டில் விடிந்ததுமே தாம்பாளத்தை நனைத்துவிட்டார். யதுகிரி ஒன்றும் கேட்கவில்லை. காபிதான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாக வந்தது.

மஹாளயத்தன்று போனை யதுகிரியிடம் கொடுத்துவிட்டு, மலையடிவாரத் தீர்த்தத்துக்குப் போனார். ஊரார் அதைக் கபில தீர்த்தம் என்பார்கள். இவர்கள் வீட்டில் ஆழ்வார் தீர்த்தம். நல்ல கூட்டம். மழைக்குப் பிறகு அருவி கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து ஓரத்தில் ஒரு படியைப் பிடித்து, தர்ப்பையைப் பரப்பும்போது பின்னால் குரல் கேட்டது.

"மாமா, நான் இப்படி உக்காரலாமா?"

ஸ்ரீதேவி மாமி. டல்லாஸிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கூட யாரையும் அழைத்துவரவில்லை.

"ஆட்டோ வெச்சுண்டு வந்தேன். காதால கேக்கணும்னு தோணித்து" என்றாள். இரண்டு படி மேலே உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் தன்னுடையது. வீரராகவன் என்று சொல்லித் தண்ணீரை விட்டார். போன பத்து மாதமும் ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் விட்டதெல்லாம் சேர்த்தாலும், இந்த ஒரு கை தண்ணீருக்காகத்தான் அப்பா காத்திருந்தாற்போல் அவருக்குத் தோன்றியது. மூன்று தலைமுறையும் முடித்தார். பிறகு மற்றவர்கள். கண்ணை மூடிக்கொண்டார். பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று தடவை தண்ணீர். விலகிக்கொண்ட லண்டன்காரரின் தகப்பனாரையும் விட்டுவிடவில்லை. மாமி கேட்க வேண்டும் என்று அவள் வீட்டுப் பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அறுபது ஆயிற்று. அறுபத்தொன்று ஆயிற்று.

அறுபத்திரண்டாவது வரவில்லை.

கோத்திரம் வந்தது, ஆனால் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நேற்று மாலைகூடச் சொன்ன பெயர். அந்த மனிதரின் முகம் வருகிறது, வெள்ளைச் சட்டை வருகிறது, பொடி போடும் விரல் வருகிறது. தெரு முழுக்க அவரைச் சூப்பிரண்டு மாமா என்றே கூப்பிட்டது. அமாவாசை தவிர வேறு எந்த நாளும் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஸௌரிராஜன் கண்ணைத் திறந்தார். கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தன. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன் வீட்டில் இருந்தது. வேங்கடேஷ் உலகத்தின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவர் திரும்பி மாமியைப் பார்த்தார். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். டல்லாஸிலிருந்து அன்று கூப்பிட்டபோதுகூட, எங்காத்துக்காரர் என்றாளே தவிரப் பெயரைச் சொன்னாளா?

"காஞ்சிப் பெருமாள் பேர் முன்னால வரும்" என்றாள் மாமி மெதுவாக.

"வரதராஜனா?"

"இல்லை."

"வரதாச்சாரியா மாமி?"

"இல்லை, இல்லை. பின்னால பத்ரியில இருக்கறவர்."

வேறு நாளாக இருந்தால் ஒரு குழந்தைகூடச் சேர்த்துச் சொல்லியிருக்கும். ஸௌரிராஜனுக்குப் பயத்தில் ஒன்றும் ஓடவில்லை. உள்ளங்கைத் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் கண்ணில் நீர் முட்டுவதை மாமி பார்த்தாள். எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கி வந்து, அவர் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு தடவை அருவிப் பக்கம் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வரதநாராயணன்" என்றாள்.

கல்யாணம் ஆகி ஐம்பத்தொரு வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

ஸௌரிராஜன் புதிதாகத் தண்ணீர் எடுத்தார். வரதநாராயணன் என்று சொல்லித் தண்ணீரை விட்டார். இரண்டாவது தடவை அவர் சொல்லும்போது பக்கத்தில் மாமியின் உதடும் அசைந்தது.

மூன்றாவது தடவை, அவர் வாயைத் திறக்கும் முன்பே மாமி சொல்லிவிட்டாள்.